எடைக்குத் தகுந்த மருந்து

திக்குவாயை வென்றான். பதினோரு வயதில் ஒரு கோவேறு கழுதை மண்டையில் விட்ட உதையை வென்றான். ஏலம் விடக் கற்றுத்தரும் பள்ளியில் முதல் நாளே “நீ ஊருக்குப் போய் வேலி கட்டு, அதுக்குப் பேச வேண்டாம்” என்று சொன்ன வாத்தியாரை வென்றான். காய்ச்சலோடு மேடையேறி மாநில ஏலப் போட்டியில் இரண்டாம் பரிசு வென்றான். முதல் பரிசு வாங்கியவனுக்குக் காய்ச்சல் இல்லை. கன்னத்தில் அதக்கும் புகையிலையை ஒரே நாளில் துப்பிவிட்டு நிறுத்தினான். விவாகரத்தில் நாயைத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். எதிர்த் தரப்பு வக்கீலை அறிந்தவர்கள் இதையும் வெற்றிக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். இத்தனையும் வென்ற என் தம்பி டுவேன் குசெரா, போன குளிர்காலம் முழுக்க, விடிவதற்கு முன்னால் சமையலறைத் தொட்டியின்மேல் தலையைக் கவிழ்த்து, ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உச்சந்தலையில் முடி வளர்க்கும் மருந்தை ஊற்றிக்கொண்டு நின்றான்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவன் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவன் முதுகு மட்டும் தெரியும். ஊற்றி முடித்ததும் நிமிர்வான். நிமிரும்போதே கை தானாக ஆணிக்குப் போய்த் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துவிடும். எங்கள் மணற்குன்றுப் பக்கத்தில் மாட்டோடு பிழைக்கிற ஆண்பிள்ளை யாரும் வெறுந்தலையோடு வாசற்படி தாண்டுவதில்லை. டுவேன் சமையலறையைக்கூடத் தாண்ட மாட்டான்.

அவனுக்கு வயது நாற்பத்தெட்டு. வியாழக்கிழமைதோறும் கால்நடை ஏலக்கூடத்தில் மேடையில் உட்கார்ந்து ஏலம் விடுகிறவன். அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, என்ன விலை, யார் வாங்கியது என்று சீட்டில் எழுதுகிறவள் நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தினேன் என்றாலும் என் சீட்டில் இதுவரை அடித்தல் திருத்தல் கிடையாது. சாதாரணமாகப் பேசும்போது இன்றைக்கும் டுவேனுக்கு ஒரு சொல் தொண்டையில் மாட்டும். மேடையில் விலையைத் தாளத்தோடு பாட்டுப்போல் அடுக்கும்போது மட்டும் மாட்டாது. சின்ன வயதில் பள்ளிக்கூட வண்டியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏலம் விட்டுத்தான் நாக்கைப் பழக்கினான். என்னை நாலு டாலருக்குத் தள்ளிவிட்டான். “உனக்கு அதுக்கு மேல யாரும் கேக்கலக்கா, நான் என்ன செய்யட்டும்?” என்றான்.

எங்கள் வீட்டு ஆண்களுக்கு முப்பது வயதில் முடி விடைபெற்றுக்கொள்ளும். அப்பா அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. நெற்றி எங்கே முடிகிறது என்று தெரியாமல் முகம் கழுவுகிறவர், கழுத்துப் பின்புறம் வரை கழுவிவிட்டு வருவார். டுவேன் அப்படி இல்லை. முகம் வெயிலில் செங்கல் நிறம், தொப்பிக்கு மேலே பால் வெள்ளை. ஒருமுறை கன்றுகளுக்குச் சூடு போடுகிற நாளில் காற்று தொப்பியைத் தூக்க, “யாருப்பா அங்க முட்டைய வெச்சிட்டுப் போனது?” என்று எவனோ கேட்டுவிட்டான். அன்றிலிருந்து தொப்பி தலையோடு ஒட்டிக்கொண்டது.

இங்கே எல்லோரும் தொப்பியின் உள்பட்டையில் பெயர் எழுதி வைப்பார்கள். எல்லாத் தொப்பியும் ஒரே கடைத் தொப்பி. உணவுக்கூடத்தில் கழற்றி வைத்தால் மாறிப்போகும். “இது உன்னோடதில்ல, வெச்சிட்டுப் போ” என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுகிற ஆட்களும் உண்டு. டுவேன் தொப்பியில் மட்டும் எதுவும் கிடையாது. கழற்றினால்தானே மாறும்? வருடாவருடம் நடக்கிற காளை ஏலத்தில் பிரார்த்தனைக்கும் தேசிய கீதத்துக்கும் எல்லோரும் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைப்பார்கள். அந்த நேரம் பார்த்து டுவேனுக்குப் பின்வாசலில் ஏதாவது ஒரு காளையைப் பார்த்தாக வேண்டியிருக்கும். பத்து வருடமாக ஒரு மனிதன் கீதம் தொடங்கும்போதெல்லாம் காளையைப் பார்க்கப் போகிறான் என்றால், அவனுக்கு நாட்டுப்பற்று குறைவு என்றுதான் ஊர் நினைத்தது. அவனும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அக்டோபரில் மருந்து தொடங்கினான். என்னிடம் மட்டும் சொன்னான். நான் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றான்.

“உனக்கென்னக்கா, குதிரை வால் மாதிரி வெச்சிருக்க. சிரிப்ப.”

“யாருக்குடா காட்டப் போற? தொப்பியக் கழட்டவே மாட்டியே.”

“எனக்குத் தெரியுமில்ல, உள்ள இருக்குன்னு.”



முதல் மாதம், இருந்த முடியும் கொட்டியது. அடுத்த மாதம் அரிப்பு. தோல் செதில் செதிலாக உதிர்ந்து, சட்டைத் தோளில் முதல் பனி விழுந்ததுபோல் கிடந்தது. மேடையில் உட்கார்ந்து தொப்பியை இப்படியும் அப்படியும் தேய்ப்பான். ஏலக்கூடத்தில் தொப்பியைத் தொடுவது சும்மா தொடுவது அல்ல. வாங்க வந்தவன் தொட்டால் அது ஒரு விலை. கீழே நிற்கிற ஆட்கள் அவன் ஏதோ சைகை காட்டுகிறான் என்று நினைத்துக் கன்றுகளை உள்ளே அனுப்புவதும், திரும்ப வெளியே துரத்துவதுமாக இருந்தார்கள். ஜனவரியில் முடி முளைத்தது. உச்சியில் ஏதோ பூனைக்குட்டி வயிறு மாதிரி கொஞ்சம். காதின்மேல் நிறைய. கன்ன எலும்பில் மெல்லிசாக. எல்லாவற்றையும்விடச் செழிப்பாக நெற்றியில், தொப்பிப் பட்டை அழுத்துகிற இடத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒரே வரிசை. பட்டை மருந்தில் ஊறி, நாள் முழுக்க அங்கேயே தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மூன்றாவது புருவம் ஒன்றைத் தினமும் சவரம் செய்கிறவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதுவரை சிரிப்புதான். பிறகு பூட்ஸ் கழற்ற முடியாமல் போயிற்று. சாயங்காலமானால் கால் வீங்கி, பூட்ஸுக்குள் இறுகிக்கொள்ளும். நான் அவனுக்கு முதுகு காட்டி நின்று, அவன் காலை என் முழங்காலுக்கு இடையில் வைத்து இழுப்பேன். அவன் மறு காலால் என் பின்பக்கத்தில் உதைத்துத் தள்ளுவான். கன்று பிரசவம் பார்ப்பதுபோல் அது ஒரு வேலை. படியேறினால் நின்றான். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கையைச் சட்டைப் பையில் விட்டு எதையோ தேடினான்.

அப்பா ஐம்பத்திரண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆனால் டுவேன் சாமான்களைப் பங்கு போட ஆரம்பித்தான். சேணத்தை என் மகளுக்குக் கொடுத்தான். துப்பாக்கியைத் துடைத்து என் வீட்டில் வைத்தான். ஒரு நாள் நாயைக் கூட்டிக்கொண்டு வந்து, “இது இங்கயும் கொஞ்சம் பழகட்டும்” என்றான். வக்கீலிடமிருந்து மீட்ட நாய் அது. 

“டாக்டரப் பாருடா.”

“காளை ஏலம் முடியட்டும்.”

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. கிடேரிகள் கூட்டமாக உள்ளே வந்தன. நல்ல கிடேரிகள். “ஆயிரத்து முந்நூறு, முந்நூத்தம்பது, ஆயிரத்து நானூறு, நானூத்தம்பது யாரு, நானூத்தம்பது...” என்று ஓடிக்கொண்டிருந்தவன், கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, “நானூறு, முந்நூத்தம்பது யாரு, முந்நூறு யாரு, இருநூத்தம்பது” என்று இறங்க ஆரம்பித்தான். ஒரு சொல்கூட மாட்டவில்லை. அதே தாளம், அதே வேகம், பின்பக்கமாக. எங்கள் ஊர் ஏலக்கூடம் கட்டியதிலிருந்து விலையை இறக்கி ஏலம் விட்டவன் என் தம்பி ஒருவன்தான்.

“சும்மா இருங்கப்பா, யாரும் கைய தூக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல ஓசிக்கே குடுத்துடுவான்!” என்று ஒருவர் கத்தினார். கூடம் சிரித்தது. கிடேரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நான் மேசைக்கு அடியில் டுவேன் காலை மிதித்தேன். வீங்கிய கால், நன்றாகவே விழித்துக்கொண்டான்.

ஏலக்கூடத்தின் முதலாளி வில்மர் ஸ்டால் அன்று சாயங்காலம் எங்கள் இருவரையும் உணவுக்கூடத்து மூலைக்கு அழைத்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது பழப் பணியாரம் வாங்கிக் கொடுப்பார்.

“டுவேன், நீ குடிக்கிறேன்னு பேசிக்கிறாங்க.”

டுவேன் பணியாரத்தைப் பார்த்தான்.

“குடி உன் சொந்த விஷயம். ஆனா விலை கேக்குறவன் கையத் தூக்கும்போது, மேடைல இருக்கறவன் கண்ணு சரியா இருக்குன்னு அவன் நம்பணும். அடுத்த மாசம் காளை ஏலம். ஊர்ல இந்தப் பேச்சு நிக்கலேன்னா நான் கோல்பிய உக்கார வெச்சிடுவேன். எனக்கு வேற வழி இல்ல.”

கோல்பி அப்போதுதான் ஏலப் பள்ளி முடித்து வந்தவன். இருபத்தாறு வயது. தலை நிறைய முடி.

மறுநாள் காலை நான் சொல்லாமல் கொள்ளாமல் அவன் சமையலறைக் கதவைத் திறந்தேன். டுவேன் தொட்டிமேல் கவிழ்ந்திருந்தான். கையில் ஓர் அளவுக் குவளை. எனக்கு அது நன்றாகத் தெரிந்த குவளை. மாட்டுக்கு முதுகுத்தண்டோரம் ஊற்றுகிற பூச்சி மருந்தோடு வருவது. பக்கவாட்டில் மாட்டின் எடைக்குக் கோடு போட்டிருக்கும்.

“டேய், எவ்வளவுடா ஊத்துற?”

“எடைக்குத் தகுந்த மாதிரி.”

“எந்த எடைக்கு?”

“என் எடைக்குத்தான். உன் எடைக்கு ஊத்தினா கடையில மருந்து தீந்துடும்.”

“டுவேன்.”

“இருபத்திரண்டு பவுண்டுக்கு ஒரு மில்லி. நான் இருநூத்திப் பதினஞ்சு. கிட்டத்தட்டப் பத்து மில்லி வருது. ஏன்க்கா மொறைக்கிற? தோல்ல ஊத்துற மருந்து எல்லாம் அப்படித்தானே?”

“கூட வர காகிதத்துல என்ன போட்டிருக்கு?”

“எழுத்து ஈ முட்ட மாதிரி இருக்கு. யாரு படிக்கிறது?”

படிக்கிற கண்ணாடி அவனிடம் இருக்கிறது. போட்டால் வயதானவன் போல் தெரியுமாம். தனியாக வீட்டில் இருக்கும்போதும் தெரியுமாம். ஊரில் வாங்கினால் பேச்சாகும் என்று ஐந்து ஊர்க் கடைகளில் மாற்றி மாற்றிப் புட்டி வாங்கியிருக்கிறான். அதனால் எந்தக் கடைக்காரருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் அவனைச் சட்டைக் காலரைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன்.

மருந்துக்கடை ஐரீன் என்னோடு படித்தவள். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கல்லாமேல் தலையை வைத்துச் சிரித்தாள். “ஒரு வேளைக்கு ஒரு மில்லி, டுவேன். ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு ரெண்டு வேளை. அஞ்சு நாள் மருந்த நீ காபிக்கு முன்னாடி முடிச்சிருக்க.” பிறகு, “ஊத்திட்டு எவ்வளவு நேரம் காய விடுவ?” என்று கேட்டாள்.

“காய விடறதா? தொப்பி போட்டுடுவேன். உள்ள சூடா இருந்தா நல்லா எறங்குமில்ல?”

ஐரீன் சிரிப்பை நிறுத்தினாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். “நல்லாத்தான் எறங்கியிருக்கு. இது ரத்தக் கொதிப்ப இறக்கக் குடுத்த மருந்து, தெரியுமா? அளவு மீறினா தலை சுத்தும், கால் வீங்கும். அப்புறம்தான் தலைக்கு வந்தது. நேரா டாக்டர்கிட்ட போ. வண்டிய அக்கா ஓட்டட்டும்.”

டாக்டர் இதயத்தைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, பெரிய பழுது இல்லை, மருந்தை இன்றே நிறுத்து என்றார். என் தம்பிக்கு உயிர் பிழைத்த சந்தோஷம் முகத்தில் ஒரு நிமிடம் இருந்தது. அடுத்த நிமிடம் தொழில் புத்தி வந்துவிட்டது.

“அஞ்சு மில்லி?”

“நிறுத்து.”

“ரெண்டு? சரி, ஒண்ணு. அந்தக் காகிதத்துல இருக்கிற அளவு.”

“உன் நெஞ்சுக்கு அதுவும் வேண்டாம்.”

“அரை? கால்?”

“மிஸ்டர் குசெரா, எதுவும் இல்லை.”

“அப்போ முளைச்சது?”

“போயிடும்.”

இரண்டு நாளில் இரண்டாவது முறையாக அவன் விலையை இறக்கிப் பார்த்தான். இந்த முறையும் வாங்க ஆள் இல்லை.

பத்து நாளில் கால் வீக்கம் வடிந்தது. நெஞ்சு அடங்கியது. நாயைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனான், துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டான்; சேணத்தை மட்டும் கேட்க வெட்கம். ஆனால் ஊரில் பேச்சு அடங்கவில்லை. வளர்ந்துவிட்டது. ஐந்து ஊர்க் கடைகளில் பை நிறையப் புட்டிகளோடு அவனைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். புட்டி என்றால் ஊர் ஒன்றைத்தான் நினைக்கும். மேடை கையைவிட்டுப் போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது.

“வில்மர்கிட்ட உண்மையச் சொல்லுடா. ஒரு நிமிஷ வேலை.”

“என்னன்னு சொல்ல? முடிக்காக மாட்டு அளவுல மருந்து ஊத்திக்கிட்டேன்னா?”

“பின்ன ஊரு குடிகாரன்னே சொல்லட்டுமா?”

“சொல்லட்டுமே. குடிகாரன்னா ஒரு மரியாதை இருக்குக்கா. நாலு பேரு வீட்டுக்கே வந்து அக்கறையா விசாரிப்பாங்க. இதுக்கு யாரு வருவா?”

“மேடை போச்சுன்னா என்னடா செய்வ? பேச்சு வராத வாய வெச்சிக்கிட்டு வேற எங்க போய்ப் பேசுவ?”

கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்ல முயன்றான், முதல் எழுத்திலேயே மாட்டியது. எழுந்து போய்விட்டான்.

காளை ஏலத்தன்று கூடம் நிரம்பி, படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். கோல்பி புதுச் சட்டை போட்டு, தேன் கலந்த சுடுதண்ணீரால் தொண்டையை நனைத்துக்கொண்டு மேடைக்குக் கீழே தயாராக நின்றான். பாதிரியார் பிரார்த்தனை சொல்ல எழுந்தார். எல்லாத் தொப்பிகளும் இறங்கின. நான் வழக்கப்படி பின்வாசலைப் பார்த்தேன். அங்கே டுவேன் இல்லை. எனக்கு வலப்பக்கம், மேடையில், தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். விளக்கு நேராக உச்சியில் அடித்தது. முளைத்ததில் பாதி ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது. மீதி, கோழிக்குஞ்சு தண்ணீரில் விழுந்து எழுந்ததுபோல் நின்றது. கீதம் முழுவதும் அப்படியே நின்றான். முதல் வரிசையில் பாதிப் பேர் கொடியைப் பார்க்கவில்லை, இவனைத்தான் பார்த்தார்கள்.

கீதம் முடிந்ததும் ஆட்கள் தொப்பியைத் தலைக்குக் கொண்டுபோனார்கள். டுவேன் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“இ-இருங்க. கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. நானும் கழட்டித்தானே நிக்கிறேன். நல்லாப் பாத்துக்குங்க, டிக்கெட் கிடையாது.”

வில்மர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் விலைச் சீட்டுக் கட்டை அவர் பக்கம் தூக்கி, உட்காரச் சொல்லிக் காட்டினேன்.

“பட்டியல்ல இல்லாத உருப்படி ஒண்ணு இருக்கு.” மேசைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்து, நான்கு புட்டிகளை வரிசையாக வைத்தான். “போன மாசம் நான் விலைய பின்னாடி ஓட்டினேன். குடிச்சிருந்தேன்னு சொல்றீங்க. குடிக்கல. இத ஊத்தினேன். தலைல. முடிக்கு.” ஒரு புட்டியைத் தூக்கிக் காட்டினான். “எடைக்கு.”

வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் விளக்க வேண்டியிருக்கும். இது முந்நூறு மாட்டுக்காரர்கள் உட்கார்ந்த கூட்டம். ஒவ்வொருவர் வீட்டுக் கொட்டகையிலும் அந்தக் குவளை இருக்கிறது.  மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“உயிர் எடைக்கா, உரிச்ச எடைக்கா?”

“உயிர் எடைக்கு,” என்றான் டுவேன். “இன்னும் ஒரு வாரம் போயிருந்தா உரிச்ச எடையாயிருக்கும்.”

கூரைத் தகரம் அதிர்ந்தது. பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டுவேன் நிறுத்தவில்லை. “நாலு புட்டி, மூணு உடைக்காதது. பணம் நம்ம ஊர்த் தீயணைப்புப் படைக்கு. வேளைக்கு ஒரு மில்லி, காஞ்சப்புறம்தான் தொப்பி. நெஞ்சுல கோளாறு இருந்தா கிட்ட வராதீங்க. காகிதத்தப் படிக்க என் கண்ணாடியும் சேத்துத் தரேன். பத்து டாலர் யாரு, பத்து, பத்து, பதினஞ்சு யாரு, பதினஞ்சு, இருபது அங்க, இருபத்தஞ்சு, தலையாட்டினது பாதிரியாரா, முப்பது, நல்லது சாமி, முப்பத்தஞ்சு...” எல்லாரும் தொப்பியைக் கழற்றியிருந்ததால், யாருக்கு எவ்வளவு தேவை என்பது மேடையிலிருந்து தெளிவாகத் தெரிந்தது. அந்தந்த இடத்துக்கு நேராகக் கையை நீட்டி விலை கேட்டான். ஒரு சொல் மாட்டவில்லை. விலை ஒரு படிகூட இறங்கவில்லை. நூற்று எண்பத்தைந்துக்குப் பாதிரியார் விலகிக்கொள்ள, வில்மர் ஸ்டால் வாங்கினார். “என் மச்சானுக்கு” என்றார். அவருக்கும் சரி, அவர் மனைவிக்கும் சரி, கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது. நான் சீட்டில் அவருடைய ஏல எண்ணை மட்டும் எழுதினேன்.

“சரி, உக்காருங்க. முதல் காளைய விடுங்கப்பா,” என்றான் டுவேன். கோல்பி தன் தேன் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம்வரை காளைகள் வந்துகொண்டிருந்தன. டுவேன் தொப்பியைத் திரும்பப் போடவில்லை. வியர்க்கிறது என்று சொல்லி என் மேசையில் கவிழ்க்காமல், குழிவான பக்கம் மேலே தெரிய வைத்துவிட்டான். அதைப் பார்த்து வில்மரும், பாதிரியாரும், கீழே நின்ற ஆட்களும் தங்கள் தொப்பிகளை அதே மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். எழுத இடமில்லாமல் நான் மடியில் வைத்துச் சீட்டு எழுதினேன். கடைசிக் காளையும் போன பிறகு அவரவர் தொப்பியை எடுக்க வந்தார்கள். வில்மர் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்தார், சேரவில்லை. உள்ளே திருப்பிப் பார்த்தார்.

“யாருதுய்யா இது? பேரே இல்ல.”

டுவேன் அவர் கையிலிருந்து தொப்பியை வாங்கிக்கொண்டான். என்னைப் பார்த்துக் கையை நீட்டினான், பேனாவைக் கொடுத்தேன். மருந்து ஊறி வெளுத்துப்போயிருந்த உள்பட்டைத் தோலில், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, முழுப் பெயரையும் மெதுவாக எழுதினான். கீழே தேதியும் போட்டான். தொப்பி தலைவரை போய்விட்டது. சட்டென்று நிறுத்தி, கீழே இறக்கி, மை காயும்வரை உள்ளே ஊதிக்கொண்டே நின்றான்.

டுவேன் குசெரா, 2023 மார்ச் 16.